பிள்ளைக்காம்பரா டின்கள்

சுகிர்தம் ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் மேல்கணக்கின் வரிசை வீடுகளான லயங்களில் அதிகம் பேர் இல்லை. ஞாயிறு ஆராதனையில் போதகர் பிரசங்கத்தை ஆரம்பித்தால், பாதியிலே எழுந்து போய் வாசலில் சாய்த்து வைத்த குடைகளை ஒழுங்காக அடுக்கிவிட்டு வருவாள். அவள் கணவர் லியனார்ட் தேயிலை ஸ்டோரில் எந்திரம் பழுதுபார்ப்பவருக்குக் கையாள். தங்கமான மனிதர். என்ன, உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். இப்படி ஒரு சோடியைச் சேர்த்து வைத்தது ஏன் என்று ஆண்டவரைத்தான் கேட்க வேண்டும்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மலை உச்சியை ஒட்டிய பிரிவுதான் மேல்கணக்கு. அங்கே சுகிர்தம் பிள்ளைக்காம்பராவின் ஆயம்மா. விடிய, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டுவிட்டு மலையேறுவார்கள். பத்து மணிக்கும் பகலுக்கும் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடுவார்கள். அந்திக்கு எடைபோடும் மடுவத்தில் கொழுந்து நிறுத்த பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போவார்கள். பெண்கள் மாராப்பை விலக்கிப் பால் கொடுக்கிற இடம் என்பதால் எந்த ஆணும் அதற்குள் காலெடுத்து வைப்பதில்லை. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவே தலைகளை எண்ண வந்தால், வாசலுக்கு வெளியே கொய்யா மரத்தடியில் நின்று குரல் கொடுப்பார். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. அதனாலேயே யாரும் மீறியதும் இல்லை.

சுகிர்தத்தின் வயிற்றெரிச்சல் மாதம் பத்தாம் தேதி ஆரம்பமாகும். அன்றைக்குச் சம்பளம். ஆபீஸ் வாசலில் மேசை போட்டுத் துரை உட்காருவார், கிளாக்கர் பெயர் கூப்பிடுவார். அழகம்மா என்று கூப்பிட்டால் அழகம்மாவின் புருஷன் போய்க் கைநீட்டுவான். பெண்டாட்டி சம்பளத்தைப் புருஷன் வாங்குவதுதான் அங்கே வழக்கம், துரைக்கும் அது வசதி. அரிசிக்கும் மாவுக்கும் பிடித்தது போக வருகிற மிச்சம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வழியில் எத்தனையோ இடங்களில் உட்கார்ந்து எழுந்துவிடும். மலையிலே முதுகொடியக் கொழுந்து கிள்ளுகிறவள் மாத நடுவில் பிள்ளைக்கு வயிற்று வலி என்றால் ஒரு துண்டு வசம்பு வாங்க ஐந்து சதம் கேட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்து நிற்பாள். அவன் நல்லவனாக இருந்தால் கொடுப்பான். லியனார்ட் நல்லவர், கேட்டால் கொடுப்பார். கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் சுகிர்தத்துக்குப் பொறுக்கவில்லை.

ஒரே ஒரு காசு மட்டும் புருஷன் கைக்குப் போகாமல் நேரே பெண் கைக்கு வந்தது. கொழுந்து அதிகமாகத் தளிர்க்கிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் மலைக்குக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு எடுக்கிற கொழுந்துக்கு மடுவத்தில் நிறுத்த உடனே, ராத்தலுக்கு இவ்வளவு என்று எடுத்தவள் கையிலேயே காசு. அதற்குப் பெயரே கைக்காசு. ஆனால் அதுவும் அந்திக்குள் கரைந்துவிடும். தலையில் மூட்டையோடு ஒரு சீட்டித் துணிக்காரன் மடுவத்தடியிலேயே காத்திருப்பான். அவனைத் தாண்டினால் முறுக்குக்காரன்.

சுகிர்தம் வளர்ந்தது பிடியரிசி வீட்டில். அவர்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப் பானையில் போடுவார்கள். ஆக்கித் தின்று மிஞ்சியதிலிருந்து எடுப்பதில்லை. உலையில் போடும் முன்னே எடுத்துவிடுவது. எடுத்த பிறகு யாருக்கும் அந்தப் பிடி குறைந்ததாகவே தெரியாது. கைக்காசிலும் அப்படித்தான் செய்ய வேண்டும், மடுவத்திலிருந்து லயத்துக்குப் போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றியது. மடுவத்துக்கும் லயத்துக்கும் நடுவிலே இருந்தது பிள்ளைக்காம்பரா. தோன்றிய பிறகு அவளுக்குத் தூக்கம் ஏது?

ஐம்பத்தொன்றாம் வருஷம், அட்டன் சந்தைக்குப் போய் ஒரு கூடை மண் உண்டியல்கள் வாங்கிவந்தாள். பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு போட்டார்கள். தீபாவளி வந்தது. உண்டியல்களைத் திறக்கவேண்டுமே, சுகிர்தம் உலக்கையை எடுத்து, பிள்ளைகள் தூங்கும் தொட்டில்களுக்கு நடுவே, முதல் பானையை ஓங்கிப் போட்டு உடைத்தாள். அங்கே நின்ற சீதாலெட்சுமி அலறிய அலறலில் எல்லாப் பிள்ளைகளும் விழித்துக்கொண்டன. சாவு வீட்டில் கொள்ளி வைக்கும் முன் உடைக்கிற பானையைத் தவிர அந்தப் பெண்கள் மண்பானையை வேண்டுமென்று உடைத்துப் பார்த்ததில்லை. "பச்சப்புள்ளைக படுத்திருக்கிற எடத்துலயா ஆயம்மா பானைய ஒடைக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவள் தன் பிள்ளையை வாரிக்கொண்டு போனாள். மற்றவர்களும் உண்டியலை மடியில் கட்டிக்கொண்டு போய் ஆற்றோரத்தில் உடைத்தார்கள். வேதக்கார வீட்டில் பிறந்த சுகிர்தத்துக்கு அது தோன்றவே இல்லை. உடைந்த பானைக்குப் பதில் புதுப் பானை வாங்க ஒருத்தியும் வரவில்லை. சேமிப்பு அத்தோடு முடிந்தது.

ஒரு வாரம் அழுதாள். பிறகு பிள்ளைகளுக்குப் பால் கரைக்கும் பால்மா டின்கள் காலியாகிச் சுவரோரம் குவிந்துகிடப்பது கண்ணில் பட்டது.

"இந்தாங்க, இதுல எல்லாம் காசு போற அளவுக்கு ஒரு வெட்டு வெட்டிக் குடுங்க" என்று லியனார்ட் முன்னால் கொண்டுபோய்க் கொட்டினாள்.

"எத்தனை?"

"எல்லாந்தான்."

அவர் பெருமூச்சு விட்டார். ஆனாலும் உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை என்பதால் செய்து கொடுத்தார்.

டின்னுக்கு உடைப்பு வேண்டியதில்லை, மூடியைத் திறந்தால் போதும். எழுத்துத் தெரியாத பெண்கள் அடையாளம் கண்டுகொள்ள, ஒவ்வொரு பிள்ளையின் தொட்டில் சேலையிலிருந்தும் ஒரு கிழிசலை எடுத்து அந்தப் பிள்ளையின் டின்னைச் சுற்றிக் கட்டிவிட்டாள். தொட்டிலுக்கு மேலே ஒரு பலகை, பலகையில் டின். அந்தி நேரம் தாய் வந்து நின்றால் சுகிர்தம் பிள்ளையைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு பலகையைக் கண்ணால் காட்டுவாள். டின்னுக்குள் காசு விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் பிள்ளை கைமாறும். கைக்காசு இல்லாத மாதங்களில் முட்டை விற்றது, கீரை விற்றது என்று ஏதாவது வரும். ஒன்றுமே இல்லை என்று கை விரித்தால், "அப்ப இவன நான் வளத்துக்கிறேன், நீ போ" என்பாள். அவள் கேலி பேசினால் சிரித்துக்கொண்டே போட வேண்டியதுதான்.

வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அரிசிப் பானையைத் துடைத்து வழிக்காமல் ஒரு பிடி விட்டு வைப்பது போல, டின்னிலும் ஒரு காசு கிடக்க வேண்டும் என்று சொல்லி வைத்தாள். வெறும் டின் வீட்டுக்கு ஆகாது என்பதைப் பெண்கள் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டார்கள். ஒரு காசு கிடக்கிற டின்னில் இன்னொரு காசைப் போட எல்லாருக்கும் கை வந்தது. தீபாவளிக்கு எடுத்தார்கள், தீபாவளி கழிந்து மறுபடி போட்டார்கள். சுகிர்தத்துக்கு நிலைகொள்ளவில்லை. காலையில் ஒரு தரம், பகலில் ஒரு தரம் டின்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கனம் பார்ப்பாள்.

எல்லா டின்னிலும் கனமானது அழகம்மாவுடையது. அழகம்மா வாயில்லாப் பூச்சி. மாயாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஒரே மகள் சிவகாமி. நோர்வூட்டில் ஒரு கிடாரிக் கன்று பார்த்து வைத்திருப்பதாகவும், அது வளர்ந்து பால் கறந்தால் கடைத்தெரு மயில்வாகனம் முதலாளி தேத்தண்ணிக் கடைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருப்பதாகவும் சுகிர்தத்திடம் மட்டும் சொல்லியிருந்தாள். மூன்று வருஷமாக அவள் அந்த டின்னிலிருந்து ஒரு காசும் எடுக்கவில்லை.

சுகிர்தத்தின் கால் சும்மா இருக்காது என்றேன். வாயும் அப்படித்தான். ஐம்பத்தாறு தை மாதத்தில் ஒரு நாள், லயத்துப் பீலியில் பெண்கள் தண்ணீர் பிடிக்க நின்றபோது, டின்னில் போடாமல் நாள் கடத்திக்கொண்டிருந்த ஒருத்தியை உசுப்பிவிட வேண்டும் என்று, "அழகம்மாவப் பாருங்கடி. டின்னு ரொம்பி மூடி மூட மாட்டேங்குது, அடுத்த மாசம் கன்னுக்குட்டியோட வந்து நிப்பா" என்று சொல்லிவிட்டாள். வஞ்சகமில்லாமல், பெருமையிலே வந்த பேச்சு. அழகம்மா குடம் நிரம்பும் முன்னே தூக்கிக்கொண்டு போனாள். பீலியில் சொன்னது லயம் முழுக்கச் சொன்னதற்குச் சமம்.

மாசி பிறந்தது. தோட்டத்தில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் நட ஏற்பாடு நடந்தது. அந்த வருஷம் மன்மதன் வேஷம் மாயாண்டிக்கு. அவன் அப்பனும் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமலே செத்துப்போன வேஷம் அது. வேஷம் கட்டுகிறவன்தான் கிரீடத்துக்கும் புஜக்கட்டைக்கும் சட்டைக்கும் அட்டனில் வாடகை கொடுக்க வேண்டும், தப்படிப்பவர்களுக்கு ஒரு வேளை சாப்பாடும் போட வேண்டும். மாயாண்டி கேட்காத இடத்திலெல்லாம் கடன் கேட்டுப் பார்த்தான். மாத நடுவில் யாரிடம் இருக்கும்?

ஒரு பகல் வேளை, தாய்மார் பால் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்பிய பிறகு, அவன் கொய்யா மரத்தடியில் வந்து நின்றான்.

"அக்கா, அழகம்மாவோட டின்ன எடுத்துக் குடுங்க."

"அவ டின்னுன்னு இங்க ஒன்னும் இல்லையே தம்பி."

"வெளையாடாதீங்க. பீலியில நீங்கதான சொன்னீங்க, ரொம்பிப்போச்சுன்னு."

சுகிர்தம் வாசலை அடைத்து நின்றாள்.

"அது ஒம் மகளோட டின்னு. அவ தூங்குறா. எந்திரிச்சதும் அவளக் கேட்டு வாங்கிக்க."

"சட்டையில்லாம மன்மதன ஆடச் சொல்றீங்களா?"

"கன்னுக்குட்டி வாங்கச் சேத்த காசுய்யா. மூணு வருசமா வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்திருக்கா."

"கன்னுக்குட்டி அடுத்த வருசமும் கெடைக்கும்க்கா. என்னைய அடுத்த வருசம் யாரு கூப்புடுவா?"

அவன் குரலில் முரட்டுத்தனம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டிருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள்.

"உள்ள வராத மாயாண்டி" என்றாள்.

அவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அவளை இடிக்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி, உள்ளே வந்துவிட்டான். தொட்டில் சேலையைப் பார்த்து டின்னை அடையாளம் கண்டான். சிவகாமி விழித்து, தொட்டிலுக்குள் எழுந்து நின்று, அப்பனைப் பார்த்த சந்தோஷத்தில் கையை நீட்டினாள். அவன் அவளைத் தூக்கவில்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, காசையெல்லாம் துண்டில் கொட்டி முடிந்தான். ஒரு காசு விட்டு வைக்க வேண்டும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? வெறும் டின்னைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனான்.

அந்திக்கு அழகம்மா வந்தபோது சுகிர்தம் நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அழகம்மா அழவில்லை. டின்னை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள், மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், போனாள். திட்டியிருந்தால்கூட சுகிர்தத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாயாண்டி நன்றாகத்தான் ஆடினான், அதை இல்லை என்று சொல்ல முடியாது. கண்ணாடிச் சில்லு மின்ன அவன் கரும்பு வில்லோடு வந்து நின்றபோது கிழவர்கள்கூட வாயைப் பிளந்தார்கள். அழகம்மா கூட்டத்தில் நின்று பார்த்தாள். அவள் முகத்தில் பெருமையும் இருந்தது என்று சுகிர்தம் பிறகு லியனார்டிடம் சொன்னாள். அதைத்தான் சுகிர்தத்தால் சகிக்க முடியவில்லை.

அதற்குள் டின்கள் ஒவ்வொன்றாகப் பலகையை விட்டு இறங்கிவிட்டன. ஆண்கள் வராத இடம் என்றுதானே டின்னை அங்கே வைத்தார்கள். ஒருவன் வந்துவிட்டான், நாளைக்கு இன்னொருவன் வருவான். "வீட்டுல வச்சிக்கிறோம் ஆயம்மா" என்று சொல்லி மரியாதையாகவே எடுத்துப் போனார்கள். வீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று சுகிர்தத்துக்குத் தெரியாதா? ஒரே காம்பரா, அதிலே புருஷன், மாமியார், கொழுந்தன், எல்லார் கண்ணும் எல்லாவற்றின் மேலும். பங்குனி முழுக்க அவள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு லயம் லயமாக நடந்தாள். ஒரு வீட்டில் டின்னால் அரிசி அளந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் அதிலே மல்லிச் செடி. அழகம்மா வாசலில் சிவகாமி டின்னைக் குச்சியால் தட்டித் தப்படித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷம் சுகிர்தம் ஓடிய ஓட்டமெல்லாம் இப்படி நாலா பக்கமும் சிதறிக் கிடந்தது.

"ஒங்காசா போச்சு? நீ என்ன பேங்கா நடத்துற?" என்றார் லியனார்ட், சாப்பாட்டுத் தட்டின் முன்னால்.

"காசு போனா போகட்டுங்க. மறுபடி சேத்துக்கலாம். போடுற பழக்கமே போச்சே. அதுக்கு நாந்தானே காரணம், என் வாயாலதானே?"

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

சித்திரையில் மழை பிடித்தது, கொழுந்து தளிர்த்தது. முதல் கைக்காசு ஞாயிறு வந்தது. லியனார்ட் தனியாகக் கோயிலுக்குப் போனார். சுகிர்தம் பிள்ளைக்காம்பராவில் காலையிலிருந்து வாசலுக்கும் பலகைக்கும் நடந்தாள். பலகை துடைத்து வைத்தது போல் வெறுமையாக இருந்தது. கேட்கக் கூடாது, வாயைத் திறக்கவே கூடாது என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள். அவர்களாக யாராவது ஒருத்தி டின்னோடு வந்தால் போதும், மறுபடி ஆரம்பித்துவிடலாம். ஒருத்தியும் வராவிட்டால் இந்த ஐந்து வருஷமும் வெறும் கூத்துதான்.

அந்தி நேரம் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த சிலரின் முந்தானை நுனிகளில் காசு முடிச்சு தெரிந்தது. முதலில் வந்தவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு, பலகைப் பக்கம் திரும்பாமலே போனாள். அடுத்தவளும் போனாள். சீதாலெட்சுமி மழையைப் பற்றி ஏதோ பேசிவிட்டுப் போனாள். சுகிர்தம் உதட்டைக் கடித்துக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தாள்.

அழகம்மா வந்து நின்றபோது அவள் முந்தானையில் முடிச்சே இல்லை. அது சுகிர்தத்தின் கண்ணில் பட்டது. இன்றைக்கும் மாயாண்டி மடுவத்தடியிலே வந்து வாங்கிவிட்டானா? சத்தியம் பறந்தது.

"காசு எங்கடி?"

"போட்டாச்சுக்கா."

"எதுல? ஒம் மக டின்னத் தட்டிக்கிட்டு இருந்தத நாந்தான் பாத்தேனே."

"அது வெறும் டின்னுக்கா. அவ வெளையாடட்டும்னு வெளியில போட்டு வச்சிருக்கேன்." அழகம்மா மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "மலையில எறங்கி வர்ற வழியிலேயே போட்டுட்டேன். இப்ப வேற எடம்."

"எப்ப இருந்து?"

"அவரு எடுத்துட்டுப் போனாரே, அதுக்கு மறுநாள்ல இருந்து. முட்ட வித்த காசு."

சுகிர்தம் அவளையே பார்த்தாள். பங்குனி முழுக்கத் தான் அலைந்தபோது, இவள் மூச்சுக் காட்டாமல் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"எந்த எடத்துலடி?" என்று குரலைத் தணித்துக் கேட்டாள். "எங்கிட்ட மட்டும் சொல்லு."

அழகம்மா முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்க்கா" என்றாள். "ஒங்களுக்கும் சொல்ல மாட்டேன்."

கோபம் இல்லாமல், பிரியமாகவே சொன்னாள். சுகிர்தத்துக்குக் கன்னத்தில் அறைந்தது போலவும் இருந்தது, ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், அழகம்மாவுக்குப் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தாள். அவர்கள் முந்தானையிலும் முடிச்சு இல்லை; இவர்களும் வழியிலேயே எங்கோ போட்டுவிட்டு வந்தவர்கள்தான். ஒவ்வொருத்தியாக வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.